குழந்தைக்குத் திருமுழுக்கு: ஊரிலா, குடியிருக்கும் இடத்திலா? முதல்முறை பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

கோயிலுக்குள் திருமுழுக்குச் சடங்கு, அதாவது ஞானஸ்நானம், முடிய அரை மணி நேரம், கூடிப்போனால் முக்கால் மணி நேரம். அதற்கு முன்னால் இருக்கிற தாள் வேலைதான் ஆளை அலைக்கழிக்கிறது. நாங்கள் குடியிருப்பது சென்னையில். கணவரின் ஊர் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைப் பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த விசுவாசிகளின் வட்டாரம்). ஞானத்தாயாக, அதாவது திருமுழுக்கில் குழந்தையின் விசுவாசத்துக்குப் பொறுப்பேற்பவளாக, நினைத்திருந்த என் தங்கை பெங்களூரில். மூன்று பங்கு அலுவலகங்களும் ஒன்றுக்கொன்று கடிதம் கேட்டன. இங்கே போனால் "அங்க இருந்து வாங்கிட்டு வாங்க", அங்கே போனால் "முதல்ல அவங்க தரட்டும்". எந்த வரிசையில் போனால் இந்த அலைச்சல் மிச்சமாகும் என்று இப்போது தெரியும். அதனால் எழுதுகிறேன்.

இது கத்தோலிக்க நடைமுறை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளிலும் குழந்தைத் திருமுழுக்கு உண்டு, ஞானப்பெற்றோரும் உண்டு, எனவே பல படிகள் ஒத்துப்போகும். விசுவாசித்து அறிக்கையிட்ட பிறகே முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபைகளைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

1. முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள்

பெற்றோரின் பங்குக் கோயிலில்தான் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். நியாயமான காரணம் இருந்தால் வேறு கோயிலில் கொடுக்கலாம். தாத்தா பாட்டி ஊரில் இருக்கிறார்கள், பிரசவமே அம்மா வீட்டில்தான் நடந்தது என்பதையெல்லாம் காரணமாக ஏற்றுக்கொள்கிறார்கள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்திருக்கிறோம், மொட்டை, காதுகுத்து, திருமுழுக்கு மூன்றையும் அங்கேயே வைத்துக்கொள்கிறோம் என்று போகிறவர்களும் உண்டு. எங்கே போனாலும் முதலில் கேட்பது உங்கள் பங்குத்தந்தையின் அனுமதிக் கடிதத்தைத்தான்.

ஆனால் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். எந்தக் கோயிலில் தண்ணீர் ஊற்றுகிறார்களோ, அந்தக் கோயிலின் பதிவேட்டில்தான் குழந்தையின் பெயர் ஏறும். நீங்கள் பிறகு கோயம்புத்தூருக்குப் போனாலும் துபாய்க்குப் போனாலும் அந்தப் பதிவு இடம் மாறாது. புதுநன்மை (முதல்முறை நற்கருணை வாங்குவது), உறுதிபூசுதல் (ஆயர் எண்ணெய் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்துவது), கல்யாணம், குருமடம் என்று எதற்கும் அந்த ஒரே பக்கத்திலிருந்துதான் சான்றிதழ் எடுக்க வேண்டும். கையிலுள்ள சான்றிதழ் வெறும் நகல்; பதிவேடுதான் மூலப்பத்திரம். உங்கள் மகளுக்குக் கல்யாண ஓலை வாசிக்கும் (கோயிலில் திருமணத்தை முன்கூட்டி அறிவிக்கும்) காலத்தில் அந்தப் பங்கு அலுவலகத்துக்கு யார் போய் நிற்பார்கள்?

என் கருத்து: ஊரில் வீடும் ஆளும் இருந்தால் ஊரில் கொடுங்கள். இல்லையென்றால் நீங்கள் வேரூன்றப்போகும் பங்கில் கொடுங்கள். போட்டோ நன்றாக வரும் என்பதற்காக யாருக்கும் உங்களைத் தெரியாத கோயிலைத் தேர்ந்தெடுப்பது பின்னால் உங்களுக்கே தொந்தரவு.

2. குடியிருக்கும் பங்கில் உங்கள் குடும்பம் பதிவாகியிருக்கிறதா?

"ஞாயிறு தவறாம பூசைக்குப் போறோம், சாமிக்கு எங்களைத் தெரியும்" என்பது போதாது. (சாமி என்று நாங்கள் சொல்வது குருவை.) பங்கில் குடும்ப அட்டை இருக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. ஊர் அட்டை ஊரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். குழந்தை பிறந்த பிறகு பதியப் போனால், எந்தப் பங்கிலிருந்து வருகிறீர்களோ அங்கிருந்து ஒரு கடிதம் கேட்பார்கள். கர்ப்ப காலத்திலேயே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

பல பங்குகளில் விண்ணப்பத்தில் அன்பியப் பொறுப்பாளரின் கையெழுத்தும் வேண்டும். அன்பியம் என்பது பங்குக்குள் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு. மாதம் ஒருமுறை நடக்கும் அன்பியக் கூட்டத்துக்கு ஒரு தடவைகூடப் போகாதவர்கள் அவர் வீட்டு வாசலில் நின்று அசடு வழியத்தான் வேண்டியிருக்கும்.

அடுத்தது பாக்கி. நகரத்தில் அது மாதச் சந்தா. தென்மாவட்டக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் வாங்கும் வரி. கல்யாணமான நாளிலிருந்து மகன் தனித் தலைக்கட்டு என்று ஊர்க்கணக்கில் ஏறியிருப்பான், வெளியூரில் இருக்கும் அவனுக்கே அது தெரிந்திருக்காது. திருவிழா வரியும் சேர்ந்து நிற்கும். வறியவர்கள் அருளடையாளம் (திருமுழுக்கு, நற்கருணை போன்ற திருச்சடங்கு) இல்லாமல் போகக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 848 தெளிவாகவே சொல்கிறது. ஆனாலும் கடிதம் எழுதுவதற்கு முன் கணக்கு நோட்டு வெளியே வரும். முடிந்தால் கட்டிவிட்டு ரசீது வாங்குங்கள். முடியாத நிலை என்றால் கணக்குப்பிள்ளையிடம் வாதாடாமல் நேராகப் பங்குத்தந்தையைத் தனியாகப் பாருங்கள்.

3. தாள்கள்

பங்குக்குப் பங்கு கொஞ்சம் மாறும். பொதுவாகக் கேட்பவை இவை:

- குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பெயர் ஏறியது
- பெற்றோர் இருவரின் திருமுழுக்குச் சான்றிதழ் நகல்
- கோயிலில் நடந்த திருமணத்தின் சான்றிதழ்
- பங்குக் குடும்ப அட்டை, சந்தா ரசீது
- வேறு கோயிலில் கொடுப்பதென்றால் சொந்தப் பங்குத்தந்தையின் அனுமதிக் கடிதம், பங்கு முத்திரையோடு
- ஞானப்பெற்றோரின் பங்கிலிருந்து ஒரு கடிதம், அவர்கள் உறுதிபூசுதல் பெற்றதற்கான சான்று

அனுமதிக் கடிதத்தில் குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், எந்தக் கோயிலில் கொடுக்க அனுமதி என்பது மூன்றும் இருக்கிறதா என்று அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் படித்துப் பாருங்கள். "சம்பந்தப்பட்டவருக்கு" என்று பொதுவாக எழுதிய கடிதத்தை எங்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

மே, ஜூன் மாதங்களில் பல மறைமாவட்டங்களில் குருக்கள் மாறுவார்கள். பழைய சாமி சரி என்று சொன்னதெல்லாம் புதிய சாமிக்குத் தெரியாது. வாய்ச்சொல்லை நம்பி அந்த மாதங்களில் தேதி குறிக்காதீர்கள். திங்கட்கிழமை பல பங்கு அலுவலகங்கள் திறப்பதில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

வேறு சமயத்தவரையோ வேறு சபையினரையோ கலப்புத் திருமணம் செய்தவர்கள் இந்தப் படியில்தான் மாட்டுவார்கள். "கோயில்ல மந்திரிச்ச கல்யாணமா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பதிவு அலுவலகத் திருமணம் மட்டும் என்றால், முதலில் அதை ஒழுங்குபடுத்திக்கொள்ளச் சொல்வார்கள். செய்ய முடிந்தால் நல்லது. ஆனால் அது இல்லாததாலேயே குழந்தைக்குத் திருமுழுக்குக் கிடையாது என்பதல்ல சட்டம். பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும், குழந்தை கத்தோலிக்க விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம் 868 கேட்பது. அந்த ஆதாரத்தை நீங்கள் காட்ட வேண்டும். கத்தோலிக்கத் தாத்தா பாட்டியைக் கூட அழைத்துப் போவது பல சமயம் வேலையைச் சுலபமாக்கும்.

4. ஞானப்பெற்றோர்: சொந்தத்தில் பேச்சுக் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

வீட்டில் பெரிய சண்டை வரக்கூடிய இடம் இது. தாய்மாமனுக்கு உரிமை, மூத்த அத்தைக்குக் கௌரவம் என்று பேச்சு ஓடும். நீங்கள் யாரிடமும் வாக்குக் கொடுப்பதற்கு முன் தகுதியைப் பாருங்கள். 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். கத்தோலிக்கராக, உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றவராக, அதற்கேற்ற வாழ்க்கை நடத்துபவராக இருக்க வேண்டும். குழந்தையின் அப்பாவோ அம்மாவோ ஆக முடியாது. ஒருவரே போதும். இருவர் என்றால் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். இரண்டு சித்திகள், இரண்டு மாமாக்கள் என்று வைக்க முடியாது.

அதிகம் பேர் தடுக்கி விழுவது உறுதிபூசுதலில். புதுநன்மை வாங்கியிருப்பார்கள், கோயிலில் பாடுவார்கள், ஆயர் வந்த வருடம் அம்மை போட்டிருந்ததால் உறுதிபூசுதல் விட்டுப்போயிருக்கும். கேட்டால் "எல்லாம் வாங்கியாச்சு" என்பார்கள். சான்றைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். என் தங்கைக்கு அவளுடைய சான்று பெங்களூர்ப் பங்கில் இல்லை. உறுதிபூசுதல் பெற்ற பழைய பங்கிலிருந்து தபாலில் வர வேண்டியிருந்தது.

சி.எஸ்.ஐ. நண்பர் ஒருவரை வைக்க ஆசையா? கத்தோலிக்க ஞானப்பெற்றோர் ஒருவர் கூட இருந்தால், திருமுழுக்குப் பெற்ற பிற சபையினர் சாட்சியாக நிற்கலாம். பதிவேட்டிலும் சாட்சி என்றே எழுதுவார்கள். இந்து நண்பருக்குப் பதிவேட்டில் இடமில்லை. ஆனால் குழந்தையின் பக்கத்தில் நிற்க யாரும் தடுக்கப்போவதில்லை.

5. பெயர்

வீட்டில் ஒன்று, கோயிலில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று என்று வைப்பது நம் வழக்கம். தயவுசெய்து அதை இந்தத் தலைமுறையோடு நிறுத்துங்கள். புனிதர் பெயர்தான் வைக்க வேண்டும் என்று இப்போதைய சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நிலா, கயல் என்று வைக்கலாம். பாட்டி ஆசைக்கு மரியா வேண்டும் என்றால் பிறப்புச் சான்றிதழிலும் மரியா இருக்கட்டும்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு போன்றவற்றில் பிறந்த தேதிக்கான ஆதாரம் அரசுப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே. முன்பு சில இடங்களில் திருமுழுக்குச் சான்றிதழைக் காட்டிச் சமாளித்தது போல இனி முடியாது. பிறப்புச் சான்றிதழில் 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: பெயரை முடிவு செய்யுங்கள், பிறப்புச் சான்றிதழில் ஏற்றுங்கள், அந்த நகலைப் பார்த்தே கோயில் விண்ணப்பத்தை நிரப்புங்கள். ஆங்கில எழுத்துக்கோவை எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஆரோக்கியம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ‘C’ வருமா வராதா என்ற ஒரே எழுத்துக்காகக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் நிற்கிற ஆட்களை எனக்குத் தெரியும்.

6. எப்போது?

பிறந்த முதல் சில வாரங்களுக்குள் என்பதுதான் சட்டத்தின் எதிர்பார்ப்பு. நம்மிடையே மூன்று மாதம், ஐந்து மாதம் ஆவது சாதாரணம். முதல் பிறந்தநாளோடு சேர்த்து மண்டபம் ஒன்றாகப் பிடிக்கலாம் என்று தள்ளாதீர்கள். ஒரு வயதுக் குழந்தை பத்துக் கிலோ இருக்கும், தொட்டிக்கு மேல் சாய்த்தால் சாமியின் கண்ணாடியைப் பிடித்து இழுக்கும்.

தவக்காலத்தில் பல பங்குகளில் கொடுப்பதில்லை. ஊர்த் திருவிழாக் கொடியேற்றத்திலிருந்து சப்பரம் முடியும்வரை சாமிக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பிறகு பெரும்பாலும் நேரம் கிடைக்கும். தேதிக்கு ஒரு மாதத்துக்கு முன்பே விண்ணப்பம் கொடுங்கள். கடிதங்கள் வெளியூரிலிருந்து வர வேண்டும் என்றால் இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டுக் கோயிலுக்குப் போகாதீர்கள். முதலில் சாமி கையால் நாட்குறிப்பில் எழுத வையுங்கள், பிறகு மண்டபம், பிறகு பத்திரிகை.

குழந்தைக்கு ஏழு வயது தாண்டிவிட்டால் அது குழந்தைத் திருமுழுக்கு அல்ல. மறைக்கல்வி படித்து, தானே பதில் சொல்லித்தான் பெற முடியும்.

7. தயாரிப்பு வகுப்பும் சடங்கும்

பெற்றோருக்கும் ஞானப்பெற்றோருக்கும் வகுப்பு இருக்கும். சில இடங்களில் ஒரு மாலை, சில இடங்களில் இரண்டு. இதைத் தட்டிக்கழிக்காமல் போங்கள், ஏனென்றால் சடங்கில் பேச வேண்டியது நீங்கள்தான். கோயில் வாசலிலேயே சாமி கேட்பார்: குழந்தைக்கு என்ன பெயர்? திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள்? "திருமுழுக்கு" என்று சொல்ல வேண்டிய இடத்தில் அப்பாக்கள் பலர் சிரித்துக்கொண்டு மனைவியின் முகத்தைப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

குழந்தையின் நெற்றியில் சிலுவை வரையும்போது சாமிக்குப் பிறகு நீங்களும் ஞானப்பெற்றோரும் வரைய வேண்டும். நெஞ்சில் ஒரு எண்ணெய் பூசுவார்கள். எனவே முன்பக்கம் திறக்கிற சட்டை போடுங்கள். கழுத்துவரை பொத்தான் இல்லாத கவுன் வாங்கிவிட்டு அங்கே கிழிக்கிற மாதிரி ஆகக் கூடாது. அடுத்துப் பாவத்தையும் சாத்தானையும் விட்டுவிடுகிறோம் என்றும், தந்தை, மகன், தூய ஆவியாரை நம்புகிறோம் என்றும் அறிக்கையிட வேண்டும். குழந்தை பெரியவளாகும்வரை அவள் சார்பில் அந்த விசுவாசத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஒப்புக்கொள்ளும் இடம் அது. பிறகு மூன்று முறை தண்ணீர். பிறவிப் பாவம் நீங்கி, கிறிஸ்துவின் சாவிலும் உயிர்ப்பிலும் பங்குபெற்று, திருச்சபையின் உறுப்பாகிறாள் என்பது நம் விசுவாசம். அதனால்தான் வாழ்நாளில் ஒரே ஒரு முறை. உச்சந்தலையில் கிறிஸ்மா எண்ணெய், வெண்ணிற ஆடை, பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரி எல்லாம் அதற்குப் பிறகு.

"நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்பதை "நாங்கள்" என்று மாற்றிச் சொன்னால் அது செல்லாது என்று 2020 ஆகஸ்டில் வத்திக்கான் அறிவித்தது. அதைத் தொடர்ந்து அமெரிக்காவில் டெட்ராய்ட்டில் ஒரு குரு தன் சிறுவயதுத் திருமுழுக்கு வீடியோவைப் போட்டுப் பார்த்து, தனக்கே அது செல்லவில்லை என்று கண்டுபிடித்து, திருமுழுக்கிலிருந்து குருத்துவம் வரை எல்லாவற்றையும் மறுபடி பெற்றார். வீடியோவுக்கு ஆகும் செலவை வீண் என்று சொல்லும் மாமனார்களுக்கு இதைச் சொல்லலாம்.

8. செலவு

திருமுழுக்குக்கு விலை கிடையாது. காணிக்கை என்று பங்கில் ஒரு தொகை வழக்கத்தில் இருக்கும், அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். சான்றிதழுக்குச் சிறு கட்டணம். உபதேசியாருக்கும் கோயில்பிள்ளைக்கும் கையில் ஏதாவது கொடுப்பது நல்ல பழக்கம். வெள்ளை உடையும் மெழுகுதிரியும் நீங்களே வாங்கிப் போக வேண்டும். கோயிலில் கொடுப்பார்கள் என்று நம்பாதீர்கள். அலங்கார மெழுகுதிரி என்று ஆன்லைனில் பெரிய விலைக்கு விற்கிறார்கள், கோயில் கடையில் கிடைக்கும் சாதாரணத் திரி அதே போலத்தான் எரிகிறது.

உண்மையான செலவு பிரியாணியில். எங்கள் மொத்தச் செலவில் கோயிலுக்குப் போனது மிகச் சின்னப் பங்கு. ஞானப்பெற்றோர் குழந்தைக்குச் சங்கிலியோ மோதிரமோ போட வேண்டும் என்று சில ஊர்களில் எதிர்பார்ப்பு உண்டு. அது சட்டமும் அல்ல, சடங்கும் அல்ல. வசதி குறைந்த நல்ல விசுவாசி ஒருவர் அதற்குப் பயந்து மறுத்துவிடுவார். முதலிலேயே "நகை வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

9. அன்றைக்கே பதிவேட்டைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். சடங்கு முடிந்ததும் எல்லாரும் கேக் வெட்டப் போவார்கள். நீங்கள் பிறப்புச் சான்றிதழ் நகலோடு அலுவலகத்துக்குப் போங்கள். குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதியும் இடமும், திருமுழுக்குத் தேதியும் இடமும், ஞானப்பெற்றோர் பெயர், கொடுத்த குருவின் பெயர் எல்லாம் சரியா என்று விரல் வைத்துப் பாருங்கள். விருந்துக் குரு கொடுத்திருந்தால் அவர் கையெழுத்தை அன்றே வாங்குங்கள். மறுநாள் அவர் ரயிலில் இருப்பார். அன்றைக்கு ஒரு பேனாக் கோட்டில் திருத்த முடிவதைப் பத்து வருடம் கழித்துத் திருத்த ஆயரகம் வரை போக நேரும். பதிவு எண்ணையும் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அனுமதி கேட்டுவிட்டு.

சான்றிதழை லேமினேட் செய்து பூட்டி வைப்பதால் பெரிய பயனில்லை. கல்யாணத்துக்குப் புதிதாக எடுத்ததைத்தான் கேட்பார்கள், பொதுவாக ஆறு மாதத்துக்குள் எடுத்தது. ஏற்கெனவே திருமணமானவரா என்பது பதிவேட்டின் ஓரக் குறிப்பில்தான் தெரியும் என்பதே காரணம்.

10. குழந்தை தீவிர சிகிச்சையில் இருந்தால்

மேலே சொன்ன எதற்கும் காத்திருக்க வேண்டாம். உயிர் ஆபத்து இருந்தால் யார் வேண்டுமானாலும் திருமுழுக்குக் கொடுக்கலாம், கிறிஸ்தவரல்லாத செவிலியர்கூட, திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருந்தால். சுத்தமான தண்ணீர் கொஞ்சம், தலையில் வழிந்தோடும்படி ஊற்ற வேண்டும். ஊற்றும்போதே பெயரைச் சொல்லி, தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஊற்றுபவரும் சொல்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். இன்குபேட்டருக்குள் கையை விட அனுமதி இல்லையென்றால் சிகிச்சை அறையில் இருக்கும் செவிலியரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சாட்சியாக ஒருவர் பார்ப்பது நல்லது.

குழந்தை பிழைத்து வந்தால் மறுபடி தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். எண்ணெய், உடை, திரி என்று விட்டுப்போன சடங்குகளை மட்டும் கோயிலில் செய்வார்கள். பங்குத்தந்தையிடம் சொல்லிப் பதிவேட்டில் ஏற்ற மறக்காதீர்கள்.

11. பெரியவர்கள், பிற சபையிலிருந்து வருபவர்கள்

சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற சபைகளில் தண்ணீரால், மூவொரு கடவுளின் பெயரால் திருமுழுக்குப் பெற்றவர் கத்தோலிக்கராகும்போது மறுபடி திருமுழுக்குக் கிடையாது. பழைய சபையின் சான்றிதழே போதும். மறுபடி வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் பங்குத்தந்தையிடமே நேரில் கேளுங்கள். மறுபுறம், பெந்தெகொஸ்தே சபைகள் குழந்தைத் திருமுழுக்கை ஏற்பதில்லை. முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கச் சொல்வார்கள். அங்கே பாஸ்டரின் பாடமும் சாட்சியும் முக்கியம், தாள் குறைவு. தொட்டியோ ஆறோ கடலோ, மாற்றுத்துணி இரண்டு செட், தடிமனான வெள்ளைத்துணி எடுத்துப் போங்கள். சான்றிதழ் தருவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாக விசுவாசத்துக்கு வரும் பெரியவர்களுக்குக் கத்தோலிக்கத்தில் புகுமுகுநர் பயிற்சி (திருமுழுக்குக்கு முந்தைய நீண்ட தயாரிப்பு) உண்டு. வழக்கமாகப் பாஸ்கா திருவிழிப்பில் (ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாட்டில்) திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். எனவே ஜனவரியில் கேட்டு ஏப்ரலில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெயரை மாற்றுவதாக இருந்தால் திருமுழுக்குச் சான்றிதழ் மட்டும் போதாது, தமிழ்நாடு அரசிதழிலும் வெளியிட வேண்டும்.

பட்டியல் இனத்தவர் இன்னொன்றையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் (பின்னர் திருத்தப்பட்ட) படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே பட்டியல் சாதியினர். கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவீர்கள். திருமுழுக்குப் பெற்றுக் கோயிலுக்குப் போய்க்கொண்டே பழைய சான்றிதழை வைத்திருப்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. புதுச்சேரி வேலைவாய்ப்பு வழக்கு அது. படிப்பு, வேலை விண்ணப்பம் ஏதாவது நிலுவையில் இருந்தால் பாடம் தொடங்குவதற்கு முன்பே இதைப் பங்குத்தந்தையிடமும் ஒரு வழக்கறிஞரிடமும் பேசிவிடுங்கள்.